ஐந்தாம் தேதி இரண்டு முறை

கட்டடக்காரர் கடைக்குள் நுழைந்தபோது மெஷினக்கா முழங்கால் வரை ஈரமாக இருந்தாள். வடிகுழாயில் நூல் பிசிறு அடைத்துக்கொண்டு தரையெல்லாம் சோப்புத் தண்ணீர். அவர் செருப்பை நனைக்காமல் வாசற்படியிலேயே நின்று, சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"வாடகை செக் திரும்பி வந்துடுச்சும்மா. பணம் இல்லைன்னு எழுதியிருக்கான்."

"இருக்காதே. பணம் போட்டுட்டுத்தானே செக் எழுதினேன்."

"நீ போட்டியோ இல்லையோ, எனக்குத் திரும்பி வந்துடுச்சு. அதுக்கு என் கணக்குலயும் முந்நூறு பிடிச்சிட்டான். அதையும் சேர்த்துக் குடுத்துடு." போகிற போக்கில் திரும்பி, "முடியலைன்னா சொல்லிடு. இந்த இடத்தைக் கேட்டு ரெண்டு பேர் நடையா நடக்கறாங்க" என்றார்.

ஐம்பது கிலோ துணியை ஒரே தடவையில் துவைக்கிற இயந்திரத்தைக் கடனில் வாங்கி அந்தத் தெருவில் முதலில் கடை போட்டவள் அவள்தான். மெஷினக்கா என்ற பெயர் அப்போது ஒட்டிக்கொண்டது. கூட வேலை செய்பவள் அவளுடைய நாத்தனார், கணவனின் தங்கை. மழலையர் பள்ளி ஒன்றில் இரண்டு வருஷம் வேலை பார்த்ததால் அவளுக்கு டீச்சர் என்று பெயர். வேலை போய் ஐந்து வருஷமாகியும் பெயர் போகவில்லை. கல்யாணம் முறிந்து அண்ணன் வீட்டுக்கு வந்தவள், கையிலிருந்த நகையை விற்று இயந்திரத்துக்கு முன்பணமாகக் கொடுத்தாள். கடையின் வங்கிக் கணக்கு அதனால் இருவர் பேரிலும் இருந்தது.

டீச்சர் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். கட்டடக்காரர் தெருமுனை தாண்டிய பிறகு, மடிப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"அண்ணி, தப்பா நினைக்காதீங்க. உங்க தம்பிக்கு ஏதாவது குடுத்தீங்களா?"

மெஷினக்காவின் தம்பி பத்து நாள் முன்பு வந்திருந்தான். வண்டி இன்ஜின் போய்விட்டது, இருபதாயிரம் இருந்தால் தேறிவிடுவேன் என்று கேட்டான். இது ரெண்டு பேர் கடைடா, என் இஷ்டத்துக்கு எடுக்க முடியாது என்று சொல்லி அனுப்பினாள். கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் போனான். இதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தவள்தான் இப்போது இப்படிக் கேட்கிறாள்.

வாயைத் திறந்தால் என்ன வரும் என்று மெஷினக்காவுக்கே பயமாக இருந்தது. கையைத் துடைத்து, இழுப்பறையிலிருந்த பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு, ஈரப் புடவையோடு வங்கிக்கு நடந்தாள்.

வங்கி வாசலில் பாஸ்புக்கில் பதிந்து தரும் பெட்டி ஒன்று உண்டு. அது டர்ரென்று இரைந்து புத்தகத்தைத் துப்பியது. நின்ற இடத்திலேயே படித்தாள். இன்னொரு முறை படித்தாள். கடைக்குத் திரும்பியதும் மடித்து அடுக்கியிருந்த விரிப்புகளின் மேல் அதைப் போட்டாள்.

"படி. சத்தமா படி."

டீச்சர் படித்தாள். "ஐந்தாம் தேதி, கடன் தவணை, பதினாறாயிரத்து நானூறு." கொஞ்சம் நிறுத்தினாள். "ஐந்தாம் தேதி, கடன் தவணை, பதினாறாயிரத்து நானூறு."

"அடுத்தது."

"ஆறாம் தேதி, செக் திரும்பியதற்கான கட்டணம், ஐந்நூறு."

"எங்கயாவது என் தம்பி பேரு இருக்கா?"

டீச்சரின் விரல் அந்த இரண்டு வரிகளுக்கும் மாறி மாறிப் போனது. "ரெண்டு தடவை எடுத்திருக்காங்க அண்ணி."

"அதைக் கேக்கல. என் தம்பி பேரு இருக்கான்னு கேட்டேன்."

"இல்ல."

மெஷினக்கா பாஸ்புக்கை வாங்கி இழுப்பறைக்குள் வைத்தாள்.

கடன் கொடுத்த நிறுவனத்துக்கு மெஷினக்கா போன் போட்டாள். புதுக் கடனுக்கு ஒன்றை அழுத்தச் சொன்னது ஒரு குரல். பழைய கடனுக்கு இரண்டு, தங்க நகைக் கடனுக்கு மூன்று. குறை சொல்ல ஏழு. ஏழை அழுத்தினால் பாட்டு. இருபது நிமிஷம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் வந்தாள்.

"சொல்லுங்க மேடம், உங்களுக்கு நான் எப்படி உதவலாம்?"

மெஷினக்கா சொன்னாள்.

"எங்க சிஸ்டம்ல ஒரு தவணைதான் மேடம் காட்டுது."

"என் பாஸ்புக்குல ரெண்டு இருக்கும்மா. எடுத்தது நீங்க."

"அப்படின்னா நீங்க பேங்க்லதான் மேடம் கேக்கணும்."

வங்கியில் கேட்டாள். கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அவங்க கேட்டாங்க, நாங்க குடுத்தோம். அவங்ககிட்டதான் கேக்கணும்" என்றார். திரும்பவும் போன், திரும்பவும் ஏழு, திரும்பவும் பாட்டு. இந்த முறை ஓர் ஆண் குரல்.

"ரெண்டு தடவை எடுத்திருந்தாலும் கவலைப்படாதீங்க மேடம். அடுத்த மாசத் தவணையில அட்ஜஸ்ட் ஆயிடும்."

"அடுத்த மாசத் தவணைய நான் அடுத்த மாசம் கட்டிக்கறேன். இந்த மாச வாடகைய யார் கட்டறது?"

"அது எங்க வரம்புல வராது மேடம்."

"எங்கிட்ட கேக்காம எடுக்கறது மட்டும் உங்க வரம்புல வருமா?"

போன் துண்டிக்கப்பட்டது. அவன் துண்டித்தானா, தானாக அறுந்ததா தெரியவில்லை. அவன் துண்டித்ததாகவே வைத்துக்கொண்டாள். கோபப்பட ஒரு ஆள் வேண்டியிருந்தது.

நான்கு நாள் இப்படியே போனது. அவர்கள் இவர்களைக் கை காட்டினார்கள், இவர்கள் அவர்களைக் கை காட்டினார்கள். துவைக்கிற நேரத்தில் பாதியைப் போன் தின்றது. வீட்டுச் செலவுக்கு வைத்திருந்ததைப் போட்டு வாடகையையும் அந்த முந்நூறையும் கட்டினாள். லாரி ஓட்டப் போயிருந்த கணவன் வழியில் எங்கிருந்தோ கூப்பிட்டு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அடுத்த மாசம் கழிச்சுக்கறேன்றான்ல, விடேன். எதுக்கு உடம்பக் கெடுத்துக்கற" என்றான்.

"உங்க சம்பளத்த முதலாளி ஒரு மாசம் தள்ளிக் குடுத்தா விட்டுடுவீங்களா?"

"அது வேற."

"என்ன வேற?"

அவன் பதில் சொல்வதற்குள் இவளே போனை வைத்துவிட்டாள். பிறகு வண்டி ஓட்டுகிற மனுஷனிடம் கத்திவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது. அதற்கும் சேர்த்து அந்த நிறுவனத்தின் மேல்தான் கோபம் வந்தது.

ஐந்தாவது நாள் காலை, டீச்சர் பீரோவிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து வந்தாள். கடன் வாங்கியபோது கையெழுத்துப் போட்ட தாள்களின் நகல். தவணையை வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பிடித்துக்கொள்ளலாம் என்று இருவரும் ஒப்புக்கொண்ட படிவமும் அதில் இருந்தது. அதன் பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்தது மாதிரி எழுத்துகள். டீச்சர் இரவல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்திருக்கிறாள்.

"அண்ணி, ஒன்பதாவது விதி. குறிச்ச தேதியில குறிச்ச தொகைய ஒரு தடவைதான் எடுக்கலாம். அதுக்கு மேல எடுத்தா, கணக்கு வச்சிருக்கவங்க அறுபது நாளுக்குள்ள பேங்க்ல எழுதிக் குடுக்கலாம். பேங்க் முதல்ல பணத்தத் திருப்பிப் போட்டுடணும். அப்புறம் அவங்க கம்பெனிகிட்ட வாங்கிக்கணும்."

மெஷினக்கா படிவத்தை வாங்கிப் பார்த்தாள். எழுத்து தெரியவில்லை. "அப்ப நாலு நாளா அந்தக் கவுண்டர்ல உக்காந்திருந்தவருக்கு இது தெரியாதா?"

"தெரிஞ்சிருக்கணும்."

"கெளம்பு."

வங்கி அதிகாரியின் அறைக்கு இருவரும் நேராகப் போனார்கள். அவர் மேஜைமேல் இருந்த மூன்று போனில் ஒன்றில் பேசிக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு, "புகார் ஃபார்ம் தீர்ந்துபோச்சு. திங்கக்கிழமை வாங்க" என்றார்.

மெஷினக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "திங்கக்கிழமை வரைக்கும் இங்கயே இருக்கேன் சார்."

"அப்படியெல்லாம் பேசக் கூடாதும்மா."

"நான் பேசவே இல்லயே. உக்காந்திருக்கேன், அவ்வளவுதான்."

டீச்சர் நின்றபடியே ஒன்பதாவது விதியை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தாள். குரலை உயர்த்தவில்லை. ஆனால் கடைசி வரிசைப் பிள்ளைக்கும் கேட்கிற மாதிரி வாசித்துப் பழகியவள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கவுண்டரில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதிகாரி ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினார்.

"இதுலயே எழுதிக் குடுங்க. முத்திரை போட்டுத் தரேன்."

இரண்டு நாளில் பதினாறாயிரத்து நானூறு கணக்குக்குத் திரும்பி வந்தது. மெஷினக்காவுக்கு அப்போதும் மனசு ஆறவில்லை. எங்கள் காசை எங்களிடமே கொடுக்க ஒரு வாரம், ஐந்நூறு அபராதம், அந்த ஒரு கேள்வி. இதற்கெல்லாம் யார் பொறுப்பு என்று துணியை அலசும்போதெல்லாம் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தாள். இருந்தாலும் விஷயம் முடிந்தது என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

அடுத்த வாரம் தங்கும் விடுதியின் மேற்பார்வையாளர் விரிப்புகளை எண்ணி வாங்கிக்கொண்டிருந்தார். கடையின் வருமானத்தில் பாதி அந்த விடுதியிலிருந்துதான் வந்தது. அப்போது வாசலில் ஒரு பைக் நின்றது. கழுத்தில் அட்டை தொங்க, கக்கத்தில் ஃபைலோடு ஒருவன் இறங்கி வந்தான்.

"மெஷின் லோன் யாருது? இந்த மாசத் தவணை ரிட்டர்ன் ஆயிருக்கு. இன்னிக்குக் கட்டலைன்னா மெஷினத் தூக்க ஆர்டர் வந்துடும்."

மேற்பார்வையாளரின் எண்ணிக்கை நின்றது. "என்னக்கா, மெஷினத் தூக்கப் போறாங்களா? எங்க துணியெல்லாம் உள்ள இருக்கே" என்றார்.

மெஷினக்காவுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. கையில் பிழிந்த துணி ஒன்று இருந்தது. அதை அவன் முகத்தில் வீசாமல் வாளியில் போட்டது எப்படி என்று பிற்பாடு அவளுக்கே புரியவில்லை.

"தம்பி, இப்படி உக்காரு."

"உக்கார நேரமில்லைங்க. இன்னும் ஒன்பது இடம் போகணும்."

"உக்காருன்னு சொன்னேன்."

அவன் உட்கார்ந்தான். டீச்சர் பாஸ்புக்கைப் பிரித்து அவன் மடியில் வைத்து, வரி வரியாகக் காட்டினாள். ஐந்தாம் தேதி ஒன்று, ஐந்தாம் தேதி இரண்டு, பதினான்காம் தேதி வங்கி மீட்டுக் கொடுத்தது ஒன்று. இரண்டில் ஒன்று போனால் மீதி ஒன்று. அவன் வாயசைத்துப் படித்தான்.

"அப்ப கட்டியிருக்கீங்க."

"கட்டியிருக்கோம்."

"எங்க சிஸ்டம்ல பாக்கின்னு இருக்கே."

"பேங்க் திருப்பின ஒண்ண, நாங்க கட்டலைன்னு எடுத்துக்கிட்டீங்க. உங்க ஆபீசுக்கு நீயே போன் பண்ணிச் சொல்லு. ஸ்பீக்கர்ல போடு."

அவன் போட்டான். புதுக் கடனுக்கு ஒன்றை அழுத்தச் சொன்னது. ஏழை அழுத்தினான். பாட்டு ஆரம்பித்தது. ஐந்து நிமிஷம் கழித்து, "நான் இங்க வேலை பாக்கறவன்ங்க" என்று பாட்டிடம் சொன்னான். மேற்பார்வையாளர் சிரித்துவிட்டார். கால் மணி நேரத்தில் அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். அரை மணி நேரத்தில் பெண் குரல் வந்து, அவன் வாயைத் திறப்பதற்குள் லைன் அறுந்தது.

"தினமும் இப்படித்தானா அக்கா?"

"நாலு நாள்."

அவன் ஃபைலை மூடினான். "ஆபீசுக்கு நேர்ல வாங்க. நானும் வரேன். போன்ல இது ஆகாது."

மேற்பார்வையாளரிடம் பாஸ்புக்கைக் காட்டி விளக்கிவிட்டு, அவர் துணியை எண்ணி ஏற்றி அனுப்பிவிட்டு, கடையைப் பூட்டிக்கொண்டு இருவரும் பஸ் ஏறினார்கள். வசூல்காரன் பைக்கில் முன்னால் போய் வாசலில் காத்திருந்தான்.

குளுகுளுவென்ற கூடம். இரும்பு நாற்காலிகளில் இருபது பேர் டோக்கனோடு காத்திருந்தார்கள். உள்ளே மேலாளர் அறை. கதவு பாதி திறந்திருந்தது. மேலாளர் பாஸ்புக்கைப் பார்த்தார், தன் கணினியைப் பார்த்தார், ரொம்ப அன்பாகச் சிரித்தார்.

"இது உங்க ஒருத்தருக்கு மட்டும் நடந்ததில்லை மேடம். மனசு விட்டுடாதீங்க. அன்னிக்கு எங்க ஃபைல் பேங்குக்கு ரெண்டு தடவை போயிடுச்சு. முந்நூத்திப் பன்னெண்டு கணக்குல இதே மாதிரி ஆயிருக்கு."

ஆறுதலாகத்தான் சொன்னார். மெஷினக்கா அவரையே பார்த்தாள்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ஆறாம் தேதி காலையிலயே கண்டுபிடிச்சிட்டோம்."

"நான் எட்டாம் தேதி போன் பண்ணினேன். ஒரு தவணைதான் எடுத்திருக்குன்னு சொன்னாங்க."

மேலாளர் பேனா மூடியைக் கழற்றி மாட்டினார். "கேட்டு வந்தவங்களுக்கெல்லாம் திருப்பிக் குடுத்துக்கிட்டுதான் மேடம் இருக்கோம்."

"கேக்காதவங்களுக்கு?"

"அடுத்த மாசத்துல அட்ஜஸ்ட் பண்ணிடுவோம்."

"அப்ப தெரிஞ்சே வச்சிருக்கீங்க. முந்நூறு பேர் காச. கேட்டா குடுக்கலாம், கேக்கலைன்னா வச்சுக்கலாம்னு." அழுகை வரவில்லை, ஆனால் வந்துவிடுமோ என்று இருந்தது. "உங்களால என் செக் திரும்பிச்சு. கட்டடக்காரர் வாசல்ல நின்னு என்னை ஒரு மாதிரி பேசினார். என் வீட்டுக்குள்ள என்னைத் திருடியான்னு கேட்டாங்க. இன்னிக்கு என் வாடிக்கையாளர் முன்னாடி மெஷினத் தூக்குவேன்னு ஆள் அனுப்பியிருக்கீங்க. ஆறாம் தேதியே தெரியுமாம்."

திருடியா என்ற சொல் வந்தபோது டீச்சர் தலை குனிந்தாள். பிறகு எழுந்தாள். அவள் வெளியே போகிறாள், அழப் போகிறாள் என்று மெஷினக்கா நினைத்தாள்.

டீச்சர் கூடத்தின் நடுவில் போய் நின்று இரண்டு முறை கை தட்டினாள்.

"எல்லாரும் கொஞ்சம் இங்க பாருங்க."

மழலையர் வகுப்புக் குரல். இருபது பேரும் பேச்சை நிறுத்தி நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். காவலாளியும்கூட.

"இந்தக் கம்பெனி ஐந்தாம் தேதி முந்நூத்திப் பன்னெண்டு பேர்கிட்ட தவணைய ரெண்டு தடவை எடுத்திருக்கு. மேலாளரே இப்பச் சொன்னார். உங்க பாஸ்புக்கையோ போனையோ எடுத்து, ஐந்தாம் தேதி என்ன போயிருக்குன்னு பாருங்க. ரெண்டு இருந்தா கை தூக்குங்க."

ஒவ்வொருவராகப் பையைத் துழாவினார்கள். ஹெல்மெட்டை மடியில் வைத்திருந்த ஒருவர் கை தூக்கினார். மூலையில் இருந்த தையல்கார அம்மா போனைப் பக்கத்துக்காரரிடம் காட்டிக் கேட்டுவிட்டுத் தூக்கினாள். நாலாவது கை எழுந்தபோது மேலாளர் ஓடி வந்தார்.

"மேடம், இப்படிக் கூட்டத்துல பண்ணாதீங்க. உள்ள வாங்க, பேசிக்கலாம்."

"இவங்களும் உள்ள வரலாமா?" என்று டீச்சர் கேட்டாள்.

ஹெல்மெட்காரர் எழுந்து நின்றிருந்தார். "நான் லேட் ஃபீஸ் கட்ட வந்தேன் சார். உங்களால என்னோட இன்னொரு லோனுக்குக் குடுத்த செக் திரும்பி, அதுக்கு உங்களுக்கே அபராதம் கட்ட இத்தனை நேரம் வரிசையில உக்காந்திருக்கேன்" என்றார். அதற்கப்புறம் கூடத்தில் யாரும் மெதுவாகப் பேசவில்லை. வசூல்காரன் சுவரோரம் நின்று தன் ஃபைலில் அன்று பார்க்க வேண்டிய ஒன்பது பேரின் பட்டியலைப் பிரித்துப் பார்த்தான். ஒவ்வொன்றிலும் தேதியைப் பார்த்தான். பிறகு பட்டியலை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

ஒன்றரை மணி நேரம் கழித்து மேலாளர் ஒரு கடிதம் அடித்துக் கொடுத்தார். ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று இருந்தது. மெஷினக்கா அதை மேஜைமேலேயே வைத்தாள்.

"சிரமம்னு போடாதீங்க. எங்க தப்புன்னு போடுங்க."

"அந்த வார்த்தைக்குத் தலைமை ஆபீஸ்ல அனுமதி வாங்கணும் மேடம்."

"வாங்குங்க. நான் கடையப் பூட்டிட்டுத்தான் வந்திருக்கேன்."

கடைசியில் வந்த கடிதத்தில், நிறுவனத்தின் தவறால் தவணை இருமுறை எடுக்கப்பட்டது என்றும், வாடிக்கையாளர் எந்தப் பாக்கியும் வைக்கவில்லை என்றும் இருந்தது. ஐந்நூறும் முந்நூறும் கடையின் கணக்கில் விழுந்த செய்தி போனில் வந்தது. முத்திரை தெளிவாக விழவில்லை என்று சொல்லி இன்னொரு முறை குத்தச் சொன்னாள். நகல் இரண்டு கேட்டாள், ஒன்று கட்டடக்காரருக்கு, ஒன்று விடுதிக்கு.

பஸ் நிறுத்தத்தில் நிழல் இல்லை. டீச்சர் கொஞ்ச நேரம் காலால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. நகை வித்த காசு. அந்தப் பயத்துல வாய்ல வந்துடுச்சு."

"பயம் எனக்கும்தான் இருந்தது. நான் பேங்குக்குப் போனேன். நீ என்னைக் கேட்ட."

"ஆமா."

"கோபம் இன்னும் போகல. நாளைக்கும் இருக்கும்னு நினைக்கிறேன். போயிடுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன்."

"சரி அண்ணி."

பஸ் வந்தது. இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள், நடுவில் பையை வைத்துக்கொண்டு. ஏறிய கூட்டத்தில் கூடத்தில் கை தூக்கிய தையல்கார அம்மாவும் இருந்தாள். எதிர் இருக்கையில் உட்கார்ந்து, "எனக்கு நாளைக்கு வரச் சொல்லிட்டாங்க தாயி. பேங்குல எழுதிக் குடுக்கணும்னு அப்புறம் எல்லார்கிட்டயும் சொன்னியே, அது எப்படி எழுதறது? எனக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும்" என்றாள்.

டீச்சர் பைக்குள் தேடினாள். தாள் இல்லை. மெஷினக்கா தன் பையிலிருந்த சலவை ரசீதுப் புத்தகத்தை எடுத்து, பின்பக்கம் காலியாக இருந்த ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தாள். டீச்சர் தொடைமேல் வைத்து எழுத ஆரம்பித்தாள். பஸ் குலுங்கும்போதெல்லாம் பேனாவைத் தூக்கிக்கொண்டாள்.

"அண்ணி, அந்த விதி ஒன்பதுதானே?"

"ஒன்பதுதான். அறுபது நாள்னும் போடு. இல்லைன்னா திங்கக்கிழமை வரச் சொல்வாங்க."

தையல்கார அம்மா தன் தவணைத் தொகையைச் சொன்னாள். டீச்சர் அதை எண்ணிலும் எழுத்திலும் எழுதினாள். அவர்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. கடிதம் பாதியில் இருந்தது. நடத்துநர் இவர்களைப் பார்த்து இரண்டு முறை நிறுத்தத்தின் பேரைச் சொன்னார். மெஷினக்கா நகரவில்லை. கையை மட்டும் நீட்டி, தாள் பறக்காமல் அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.